ஆஸ்ட்ரோசாட்டில் புற ஊதா நேரம் கேட்கும்போது

இந்தியாவின் வானியல் செயற்கைக்கோளான ஆஸ்ட்ரோசாட்டில் பார்வை நேரம் கேட்கும் விண்ணப்பத்தின் அறிவியல் பகுதியை வாரக்கணக்கில் செதுக்கிவிட்டு, கருவி விவரங்களைக் கடைசி இரவில் நிரப்புவதுதான் பலரின் வழக்கம். அதிலுள்ள புற ஊதாத் தொலைநோக்கியான யூவிட்டுக்கு அது ஒத்துவராது. முதலில் பார்க்க வேண்டியது இலக்கை அல்ல, இலக்கின் அக்கம்பக்கத்தை.

யூவிட்டின் பார்வைப் புலம் 28 ஆர்க்நிமிடம். கிட்டத்தட்ட முழு நிலவின் அகலம். உங்கள் விண்மீன் திரள் மங்கலாக இருந்தாலும், அந்த வட்டத்துக்குள்ளோ விளிம்பையொட்டியோ சூடான நீல விண்மீன் ஒன்று இருந்தால் உணரிக்கு ஆபத்து. வானில் இலக்கின் இடத்தைச் சொல்லும் வல ஏற்றம், நடுவரை விலக்கத்தைக் கொடுத்து, பிரகாச எச்சரிக்கைக் கருவியில் ஒவ்வொரு ஃபில்டருக்கும் விடை வாங்குங்கள். அந்தப் பகுதியை நாசாவின் பழைய புற ஊதாச் செயற்கைக்கோளான காலெக்ஸ் படம் எடுக்கவில்லை என்றால் நிம்மதி அடைய வேண்டாம். பிரகாசமான விண்மீனைத் தவிர்க்கவே அது விலகிப் போயிருக்கலாம். எஃப்148டபிள்யூ என்ற அகலப் பட்டை ஃபில்டர் தாங்காத புலத்தை எஃப்172எம் ஃபில்டர் சில நேரம் தாங்கும். இது குறுகிய பட்டை, அதனால் ஃபோட்டான் குறைவு, நேரமும் கூடுதலாகக் கேட்க வேண்டிவரும்.

நேரக் கணக்கில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். 650 கி.மீ. உயரத்தில் செயற்கைக்கோள் பூமியை ஒரு சுற்றுச் சுற்றச் சுமார் 98 நிமிடம். யூவிட் பார்ப்பது சுற்றின் இரவுப் பகுதியில் மட்டும். ஒரு சுற்றில் 1,800 விநாடி கிடைத்தாலே நல்லது. 10,000 விநாடிக்கு ஆறு சுற்றாவது வேண்டும். எக்ஸ்ரே கருவியான எஸ்எக்ஸ்டிக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. எனவே இரண்டுக்கும் ஒரே எண்ணை எழுதினால் ஒன்று குறைந்துபோகும். பழைய கட்டுரைகளைப் பார்த்து அண்மைப் புற ஊதாவையும் சேர்த்துக் கேட்காதீர்கள். அந்த உணரி 2018இலேயே நின்றுவிட்டது.

முழுப் புலத்தையும் பார்க்கும்போது யூவிட் எடுப்பது விநாடிக்கு 29 ஃபிரேம். ஒரே ஃபிரேமில் ஒரே இடத்தில் இரண்டு ஃபோட்டான் விழுந்தால் ஒன்றாகவே எண்ணப்படும். பிரகாசமான இலக்குக்குச் உணரியின் ஒரு சிறு பகுதியை மட்டும் படிக்கும் சிறிய ஜன்னலைத் தேர்ந்தால் ஃபிரேம் வேகம் கூடும், சுற்றுப்புலம் போய்விடும்.

தரவு பெங்களூரு அருகே பைலாலுவிலுள்ள தரை நிலையத்தில் இறங்கி, முதல் நிலைக் கோப்புகளாக உங்கள் கைக்கு வரும். செயற்கைக்கோள் மெல்ல ஆடிக்கொண்டே பார்த்த படம் அது. யூவிட்டின் காட்சி ஒளி உணரி ஏறத்தாழ விநாடிக்கு ஒன்றாக எடுத்த படங்களில் விண்மீன்கள் எவ்வளவு நகர்ந்தன என்று அளந்து, அதே அளவு ஒவ்வொரு ஃபோட்டானையும் தரையில்தான் இடம் மாற்றுகிறோம். அதனால் காட்சி ஒளி ஃபில்டரை ஏனோதானோவென்று போடக் கூடாது. புலத்தில் தொடரத்தக்க விண்மீன்கள் இல்லாவிட்டால் 1.5 ஆர்க்விநாடிக் கூர்மை கரைந்துவிடும். அப்படி ஆனால் சேய்மைப் புற ஊதாவில் தெரியும் விண்மீன்களைக் கொண்டே சறுக்கலைத் திருத்திப் பாருங்கள், பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

எஸ்எக்ஸ்டி தரவில் வேறொரு தொல்லை. அடுத்தடுத்த சுற்றுகளின் கோப்புகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். அப்படியே கூட்டினால் அதே நிகழ்வு இருமுறை எண்ணப்படும். ஒன்றிணைக்கும் கருவி வழியாகத்தான் சேர்க்க வேண்டும்.