ஓரத்தில் நிற்கும் பாட்டி

பாட்டி போன பிறகு அவருடைய ஆல்பங்களும் ஒரு பிஸ்கட் டின் நிறைய படங்களும் என் கைக்கு வந்தன. ஓய்வு நாள்களில் ஸ்கேன் செய்து வருகிறேன். படங்களின் பின்புறம் எல்லாம் பத்தாங் பெர்ஜுந்தை என்று மலேசியாவில் உள்ள எங்கள் ஊரின் பெயர்தான் இருக்கிறது. ஊர் 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டாலும் கோப்புகளுக்குப் பழைய பெயரையே வைத்தேன்.

பிளாஸ்டிக் தாளை விரித்து மூடும் அந்த ஒட்டும் ஆல்பம் இருக்கிறதே, அதன் பசைதான் படங்களுக்கு எமன். நகத்தால் நெம்பினால் மூலை மடங்கும். பல் இடுக்கில் விடும் மெல்லிய நூலைப் படத்துக்கு அடியில் நுழைத்து, இரண்டு முனையையும் பிடித்து முன்னும் பின்னும் மெதுவாக இழுத்தால் பிரிந்து வரும். வராதவற்றைப் பக்கத்தோடு ஸ்கேன் செய்துவிட்டேன்.

சாமி மேடைக்கு மேலே மாட்டியிருந்த கல்யாணப் படம் நம் ஊர் ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. அதைப் பிரிக்கவே கூடாது, முகம் கண்ணாடியோடு போய்விடும். எதிரே கறுப்புத் துணி கட்டி, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்துக் கைப்பேசியில் எடுத்தேன். கண்ணாடியில் என் முகம் தெரியவில்லை.

சிறிய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு ஸ்கேனரில் 1200 டிபிஐ (அங்குலத்துக்கு 1200 புள்ளி) வைத்தேன். பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது: எந்தப் படத்திலும் பாட்டி நடுவில் இல்லை. தாத்தாவின் தோளுக்குப் பின்னால் பாதி முகம். யார் பிள்ளையையோ இடுப்பில் வைத்தபடி ஓரத்தில். ஒன்றில் கைமட்டும்தான் இருக்கிறது. பெருவிரலில் துணி சுற்றியிருந்ததை வைத்துப் பெரியம்மா கண்டுபிடித்தார், ரப்பர் மரம் சீவும் உளி கிழித்த விரலாம்.

பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, இருட்டோடு போய், பால் வடிய ரப்பர் மரத்தின் பட்டையை வெட்டி, மங்கு மங்காக, கிண்ணம் கிண்ணமாகப் பால் எடுத்து, ஸ்டோரில் எடை போட்டுவிட்டு வந்து எட்டுப் பேருக்கு உலை வைத்தவர். அதில் ஒரு காட்சிகூடப் படமாக இல்லை. "நெரைக்குள்ள யாருடா கேமரா தூக்கிட்டு வந்தா?" என்றார் பெரியம்மா. நெரை என்றால் ரப்பர் மர வரிசை. நியாயம்தான்.

பாட்டி தனியாக, நேராகப் பார்க்கும் படம் ஒன்றே ஒன்று. மலாயாவில் அவசரகாலம் தொடங்கிய 1948-இல் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் அடையாள அட்டை கட்டாயம் ஆனது. அதற்கு எடுத்ததில் மிஞ்சிய பிரதி. அரசாங்கம் கேட்டதால்தான் அதுவும் கிடைத்தது. முறைத்துக்கொண்டிருக்கும் பெண்பிள்ளை, மூக்கு அப்படியே என் தங்கையின் மூக்கு. பூஞ்சைப் புள்ளிகளைக் கணினியில் அழித்தேன், முகத்தைத் தொடவில்லை. மழுமழுவென்று ஆக்கும் செயலிகள் பாட்டியை வேறு யாராகவோ மாற்றிவிடுகின்றன.

அப்புறம், பெரியம்மாவின் குரலையும் பதிவு செய்ய ஆரம்பித்திருக்கிறேன். "பாட்டியைப் பத்தி சொல்லுங்க" என்றால் "என்னத்த சொல்ல" என்பார். படத்தைக் கையில் கொடுத்தால் நிறுத்த முடியாது. பெயர்களைப் பின்பக்கம் மென்மையான பென்சிலில் எழுதி வைக்கிறேன். பேனா மை மறுபக்கம் ஊறும். அடுத்து கோயில் திருவிழாப் படங்கள். சமையல் கொட்டகையில் நிற்கும் பெண்களின் பெயர் பெரியம்மாவுக்கு மட்டும்தான் தெரியும், அதனால் அதை முதலில் முடிக்கிறேன்.