எஞ்சின் ஓட்டவில்லை, கேபிள் பார்க்கிறேன்

இங்கிலாந்தில் சனிக்கிழமை ஆனால் ரயில் வேலைக்குப் போகிறேன் என்று சொன்னதும் ஊரில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எஞ்சின் ஓட்டுறியாப்பா?" இல்லை. டெலிபோன் கேபிள் பார்க்கிறேன். அத்தோடு அவர்களுக்கு ஆர்வம் போய்விடும்.

தன்னார்வலர்கள் நடத்தும் ரயில்பாதைகள் பிரிட்டனில் ஏராளம். 1951-இல் வேல்ஸில் டாலிலின் பாதையில் தொடங்கியது. 1963-இல் பிரிட்டிஷ் ரயில்வே தலைவர் பீச்சிங்கின் அறிக்கை வந்து கிளைப்பாதைகளை வரிசையாக மூடியபோது, உள்ளூர்க்காரர்கள் சில பாதைகளை விலைக்கு வாங்கித் தாங்களே ஓட்ட ஆரம்பித்தார்கள். பெரும்பாலும் மணிக்கு 25 மைல்தான் உச்ச வேகம். நான் போவதும் அப்படி ஒரு பாதைதான், இரண்டு திசை ரயில்களுக்கும் ஒரே வழி உள்ள ஒற்றைப் பாதை.

செல்போன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறவர்களை ஒரு தடவை எங்கள் பாதையின் நடுப்பகுதிக்கு அழைத்துப்போக வேண்டும். இரண்டு பக்கமும் உயர்ந்த மண்சுவர், மேலே மரங்கள், சிக்னல் ஒரு கோடுகூட வராது. அங்கே ரயில் நின்றுவிட்டால் சிக்னல் கேபினோடு பேச, கம்பத்தில் மாட்டியிருக்கும் போன்தான் கதி. ஆட்டு மந்தையைத் தண்டவாளத்தைத் தாண்டி ஓட்டிப்போகிற விவசாயிகூட முதலில் போனை எடுத்துக் கேபினில் கேட்டுவிட்டுத்தான் கேட்டைத் திறக்க வேண்டும். அந்த போன் செத்துக் கிடந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அதைவிட முக்கியமானது டோக்கன், அதாவது ஒற்றைப் பாதையின் ஒரு பகுதிக்குள் ரயில் நுழைய அனுமதியாக டிரைவர் கையில் இருக்க வேண்டிய பொருள். மீட்டர்கேஜ் காலத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் பிரம்பு வளையத்தை நீட்ட, ஓடுகிற ரயிலிலிருந்து அதைக் கைநீட்டிப் பிடிப்பார்களே, அதே ஏற்பாடுதான் இங்கேயும். அந்தப் பகுதியின் இரண்டு முனைகளிலும் டோக்கன்களை வைக்கும் கருவி ஒவ்வொன்று இருக்கும். ஒரு டோக்கன் வெளியே வந்துவிட்டால், அது திரும்ப உள்ளே போகும்வரை எந்த முனையிலும் இன்னொன்றை எடுக்க முடியாது. இரண்டு கருவிகளையும் பூட்டி வைத்திருப்பது கம்பி வழியே போகும் மின்சாரம். 1889-இல் அயர்லாந்தின் ஆர்மா அருகே, மேட்டில் ஏற முடியாமல் நின்ற சுற்றுலா ரயிலின் பின்பெட்டிகள் கழற்றிவிடப்பட்டு, உருண்டு போய்ப் பின்னால் வந்த ரயிலில் மோதின. சுமார் 80 பேர் இறந்தார்கள், அதில் குழந்தைகள் நிறைய. அதே ஆண்டு வந்த சட்டம்தான் ஒரு பகுதியில் ஒரு ரயில் என்பதைக் கட்டாயமாக்கியது. எங்கள் பாதையில் டோக்கன் கம்பிகள் டெலிபோன் கேபிளிலேயே போகின்றன. கேபிளில் கோளாறு என்றால் டோக்கனும் வராது. அப்புறம் டோக்கனுக்குப் பதிலாக ஒரு மனிதரை நியமித்து, அவர் அனுமதி இல்லாமல் எந்த ரயிலும் நகராதபடி நடத்த வேண்டும். அன்றைக்கு டைம்டேபிளை மறந்துவிடலாம்.

சரி, கேபிளுக்கு என்னதான் வருகிறது? தண்ணீர். முயல் கடிக்கும், எலி கடிக்கும், செம்புத் திருடன் அறுப்பான், ஒருமுறை புதர் வெட்ட வந்த ஒப்பந்தக்காரரின் இயந்திரம் கேபிளையும் சேர்த்து நறுக்கிவிட்டுப் போனது. இதெல்லாம் நடந்தால் உடனே தெரிந்துவிடும், இடமும் தெரியும். தண்ணீர் அப்படியில்லை. பழைய ஜாயின்ட் ஒன்றில் மெதுவாக இறங்கும், மழைக்குப் பிறகு போனில் கரகரவென்று சத்தம் வரும், நாங்கள் மீட்டரைத் தூக்கிக்கொண்டு போகிற சனிக்கிழமை வெயிலடித்து எல்லாம் காய்ந்து, கம்பி ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி இருக்கும். மெக்கர் என்ற இன்சுலேஷன் மீட்டரை வைத்துப் பார்த்தால் இன்சுலேஷன் குறைந்திருப்பது தெரியும், எங்கே என்று அது சொல்லாது. துடிப்பை அனுப்பி எதிரொலி வரும் நேரத்தை அளக்கும் கருவி, அறுந்த இடத்தைக் கச்சிதமாகக் காட்டும், ஆனால் லேசான ஈரத்தை அதனாலும் பிடிக்க முடிவதில்லை. கடைசியில் அதே கேபிளில் கோளாறில்லாத ஒரு கம்பி ஜோடியைத் துணைக்கு வைத்து, பிரிட்ஜ் என்ற அளவுச் சுற்றை இணைத்து, மின்தடையின் விகிதத்தை வைத்துத் தூரத்தைக் கணக்குப் போடுவோம். கணக்கு காட்டும் இடத்தில் எப்போதும் முள்புதர் இருக்கும். உண்மையில் வேலையில் பாதி பிளாக்பெர்ரிப் புதரை வெட்டுவதுதான்.

ஜாயின்டைத் திறந்ததும் ஜெல்லி. ஈரம் பரவாமலிருக்க கேபிளுக்குள் நிரப்பி வைத்திருப்பார்கள், கையில் ஒட்டினால் சோப்புக்கும் மசியாது. வெறும் கம்பிகளைப் பிடித்திருக்கும்போது அந்தப் பக்கம் யாராவது போன் போட்டால், மணியடிக்க வரும் சுமார் 75 வோல்ட் விரலில் சுள்ளென்று இறங்கும். போன் யாருக்கு என்று நமக்குத்தான் முதலில் தெரியும்!

எல்லாவற்றையும் ஃபைபராக்கிவிடலாமே என்று புதிதாக வருகிறவர்கள் சொல்வார்கள். ஃபைபரோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் எங்கள் டோக்கன் கருவிக்குத் தேவை செம்புக் கம்பி, அதோடு ஃபைபரை ஒட்டவைக்கும் இயந்திரத்தின் விலை எங்கள் குழுவுக்குக் கட்டாது. செம்பை ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரும் ஒரு கல்லூரிப் பையனும் சேர்ந்து மழையில் உட்கார்ந்து ஒட்டிவிட முடியும். போனுக்கான 50 வோல்ட் எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்தே வருவதால் கரண்ட் போனாலும் பேசலாம். நாட்டின் பொது டெலிபோன் வலையில் இந்த வசதி 2027 ஜனவரியோடு முடிகிறது, பழைய முறையை அத்தோடு நிறுத்துகிறார்கள். எங்களுக்கு அதில் ஒரு லாபம், கழித்துப்போட்ட போன்களும் உதிரிபாகங்களும் சும்மாவே கிடைக்கும்.

இந்த ஜனவரியில் ரயில் ஓடாத வாரங்களில், அந்த மண்சுவர்ப் பகுதியில் புதிய 20 ஜோடி கேபிள் இழுக்கிறோம். கான்கிரீட் மூடிகளைத் தூக்க ஆள் வேண்டும். தண்டவாளப் பாதுகாப்புப் பயிற்சியை நாங்களே தருவோம், ஆரஞ்சு ஜாக்கெட்டும் தருவோம். பூட்ஸ் மட்டும் உங்களுடையது.