தோசைக்கல்லைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி

மதுரை இலந்தைக்குளம் ஐடி பூங்காவில் நான் வேலை பார்த்த ஐந்து வருடமும் என் கம்ப்யூட்டர் திரையின் வலது ஓரத்தில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அழைப்பை எடுத்த நொடியில் பூஜ்யத்திலிருந்து கிளம்பும். ஆறு நிமிடம் தாண்டினால் சிவப்பாகிவிடும். கடல் தாண்டி ஏதோ ஒரு ஊரில் பிரிண்டர் ஓடாமல் தவிக்கும் மனுஷரிடம் நான் பேசிக்கொண்டிருப்பேன். அவருக்குப் பிரிண்டர் ஓடியதா என்று யாரும் கேட்க மாட்டார்கள். மாதக் கடைசிக் கூட்டத்தில் சிவப்பைப் பற்றித்தான் பேச்சு.

அப்புறம் சாட்பாட் வந்தது. முதலில் அது எங்களுக்கு உதவி என்றார்கள். ஏழெட்டு மாதத்தில் நாங்கள் அதற்கு உதவி ஆனோம். பிறகு அந்த உதவியும் வேண்டாம் என்றானது. பதினாலு பேரில் நாலு பேரை வைத்துக்கொண்டார்கள். அந்த நாலில் நான் இல்லை.

பொன்மேனியில் வீட்டோடு இருந்த அந்த இரண்டு மாதத்தில்தான் அம்மா போன் பயன்படுத்துவதை முதன்முதலாக உட்கார்ந்து பார்த்தேன். அதுவரை அவள் கூப்பிட்டால் போனைப் பிடுங்கி, நாலு தட்டுத் தட்டி, திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவேன். அம்மாவுக்கு 68 வயது. அவள் திரையைத் தொடுவதில்லை, அழுத்துகிறாள். காலிங் பெல், மிக்சி, டிவி ரிமோட் எல்லாம் அழுத்தித்தானே பழக்கம்? போனோ அதை ‘அழுத்திப் பிடித்தல்’ என்று எடுத்துக்கொண்டு, அழிக்கவா, பகிரவா என்று வேறொரு பட்டியலைத் திறக்கிறது. அவள் பயந்து போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறாள்.

இன்னொன்றும் இருக்கிறது. தொடுதிரைக்குள் ஒரு மெல்லிய மின்புலம் உண்டு. விரல் பட்ட இடத்தில் அது கொஞ்சம் மாறுவதை வைத்துத்தான் போன் தொடுதலைக் கண்டுபிடிக்கிறது. வயதாகி வறண்டுபோன விரல் நுனி பட்டால் அந்த மாற்றம் சரியாகப் பதிவதில்லை. பதியவில்லை என்றதும் இன்னும் கொஞ்சம் அழுத்துகிறார்கள். மறுபடியும் அதே பட்டியல்.

“தோசைக்கல் காஞ்சிருச்சான்னு தொட்டுப் பார்ப்பேல்ல, அது மாதிரி தொடும்மா” என்றேன்.

“கல்லைத் தண்ணி தெளிச்சுத்தான் பார்ப்பாக. எந்தக் கூறுகெட்டவ தொட்டுப் பார்ப்பா?” என்றாள். ஆனால் அடுத்த தொடுதல் சரியாக விழுந்தது. அமைப்புகளில், அணுகல்தன்மைப் பகுதியில், தொட்டுப் பிடிக்கும் நேரத்தை ‘நீளம்’ என்று மாற்றி வைத்தேன். ஈரத் துணியில் விரலைத் துடைத்துக்கொள்ளச் சொன்னேன். அன்றைக்குச் சாயங்காலமே கோயில் தோழிகள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

அதைப் பார்த்ததும் தோன்றியதுதான், வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களுக்குப் போன் சொல்லிக்கொடுக்கிற தொழில். சொந்தக்காரர்களிடம் சொன்னபோது, “இதுக்குக் காசு யாரு தருவா?” என்று ஒருத்தர் விடாமல் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். எனக்கும் பதில் தெரியாது. எதற்கும் பதிவு செய்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு 2020 ஜூலையிலிருந்து இருக்கிறது. ஆதார், பான் இருந்தால் போதும், கட்டணம் கிடையாது. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முதலில் தேடியபோது மேலே வந்தது, அரசு முத்திரை மாதிரியே ஏதோ போட்ட ஒரு தனியார் தளம். எல்லா விவரத்தையும் வாங்கிக்கொண்டு, கடைசிப் பக்கத்தில் ‘செயலாக்கக் கட்டணம் 1,499’ என்றது. ஊருக்கே மோசடி பற்றிப் பாடம் எடுக்கப் போகிறவள், முதல் நாளே பணம் கட்டப் பார்த்தேன். போனில் பேலன்ஸ் இல்லாமல் போனதால் தப்பித்தேன். தளத்தின் முகவரி gov.in என்று முடிகிறதா என்று கட்டாயம் கவனித்துவிட்டுப் போங்கள்.

உண்மையான தளத்தில் அரை மணி நேர வேலைதான். ஆனால் ஓரிடத்தில் முக்கால் நாள் நின்றேன். நீங்கள் என்ன தொழில் செய்கிறீர்கள் என்பதை தேசியத் தொழில் வகைப்பாட்டிலிருந்து ஓர் எண்ணாகச் சொல்ல வேண்டும். ‘பாட்டிக்கு வாட்ஸ்அப் சொல்லிக்கொடுத்தல்’ என்று எண் எதுவும் இல்லை. கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பு இருக்கிறது, நான் எதையும் பழுது பார்ப்பதில்லை. கல்வி இருக்கிறது, நான் டியூஷன் எடுப்பதில்லை. கடைசியில் 96-இல் தொடங்கும் ‘பிற தனிநபர் சேவைகள்’ என்ற பிரிவில் ஒதுங்கினேன். ஜோசியம் பார்ப்பவர், கல்யாணத் தரகர், ஷூ பாலிஷ் போடுபவர் எல்லாரும் அந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள். நல்ல துணை என்று நினைத்துக்கொண்டேன். சான்றிதழில் தொழிலுக்கு ஒரு கௌரவமான பெயர் இருக்கிறது. அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் நான் ‘போன் பாப்பா’.

நடப்புக் கணக்கு தொடங்கப் போன இடத்தில்தான் அலைச்சல். தனி உரிமையாளர் நிறுவனம் என்றால் தொழில் பெயரில் இரண்டு சான்று கேட்பார்கள். உத்யம் ஒன்று. இரண்டாவது? ஜிஎஸ்டி இல்லை. சேவைத் தொழிலில் வருடம் 20 லட்சம் வரவு தாண்டினால்தான் அது கட்டாயம், எனக்கு அந்தக் கவலை இந்த ஜென்மத்தில் வராது. கடை இல்லை, அதனால் கடை பெயரில் கரண்ட் பில்லும் இல்லை. “கடையே இல்லாம என்ன வியாபாரம்மா?” என்றார் கவுன்டரில் இருந்தவர். மூன்று தடவை நடந்தேன். நாலாவது தடவை மேலாளரைப் பார்த்தபோது, இரண்டாவது சான்று கிடைக்க வழியில்லை என்று வங்கிக்குத் திருப்தி ஏற்பட்டால் ஒன்றை வைத்தே தொடங்கலாம், நேரில் வந்து முகவரியைச் சரிபார்ப்போம் என்றார். ஆள் வந்தார். எங்கள் வீட்டுத் திண்ணையைப் படம் எடுத்தார். போகும்போது அவருடைய அப்பாவின் போனில் எழுத்து ஏன் சின்னதாகத் தெரிகிறது என்று கேட்டார்.

கடன் திட்டம் பற்றியும் ஓர் அலுவலகத்தில் விசாரித்தேன். “என்ன மெஷின் வாங்கப் போறீங்க? கொட்டேஷன் கொண்டு வாங்க” என்றார்கள். மெஷினெல்லாம் வாடிக்கையாளர் வீட்டில்தான் இருக்கிறது என்றேன். அத்தோடு அது முடிந்தது.

மணிக்கு 300 ரூபாய் என்று துண்டுச் சீட்டு அடித்துக் கொடுத்தேன். ஒருவரும் கூப்பிடவில்லை. 150 ஆக்கினேன். முதல் மாத வரவு 2,700. பெட்ரோல் போக என்ன மிஞ்சியது என்று எழுதினால் அம்மா படித்துவிடுவாள்.

எஸ்.எஸ். காலனியில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை. ‘நினைவகம் நிரம்பிவிட்டது’ என்று போன் கத்துகிறது என்று கூப்பிட்டார். திறந்து பார்த்தால் பதினோராயிரத்துச் சொச்சம் காலை வணக்கப் படங்கள். பிள்ளையார், முருகன், நம்ம மீனாட்சி, பாபா, ரோஜாப்பூ. அழித்துவிடலாமா என்றேன்.

“சாமி படத்தையா? என்னத்தா பேசுற நீ?”

பழைய வேலையாக இருந்தால் இது ஒன்றரை நிமிடக் காரியம். எல்லாவற்றையும் தேர்ந்தெடு, அழி, அடுத்த அழைப்பு. இங்கே ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. ரோஜாப்பூவை மட்டும் அழிக்க அனுமதி கிடைத்தது. சாமிகள் அத்தனை பேரையும் ஒரு பென்டிரைவுக்கு மாற்றினோம். வாட்ஸ்அப்பில் படங்கள் தானாக இறங்குவதை நிறுத்தினோம். பென்டிரைவைக் கையில் கொடுத்ததும் அவர் எழுந்து போய், பூஜை அலமாரியில் குங்குமச் சிமிழ் பக்கத்தில் வைத்து, ஒரு பொட்டு வைத்தார். இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த வீட்டில் சாமி இடமாற்றம் நடக்கிறது. கையைக் கழுவிவிட்டுத்தான் பென்டிரைவைத் தொடுவேன்.

சித்திரைத் திருவிழா நேரத்தில் பத்து நாள் ஓர் அழைப்பும் வராது. அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பிய பிறகு வரிசையாக வரும். எல்லார் போனும் வீடியோவால் வீங்கிக் கிடக்கும்.

தொழில் காலூன்றியது, ஓய்வூதியம் வாங்குகிறவர் உயிரோடு இருக்கிறார் என்று வருடாவருடம் கொடுக்கிற ஆயுள் சான்றிதழால்தான். ஜீவன் பிரமாண் என்ற மின்னணுச் சான்று 2014-இல் வந்தது. முதலில் கைரேகை அல்லது கருவிழி வைத்துத்தான். 2021-இல் முகத்தைக் காட்டியே செய்யலாம் என்று ஆனது. போனில் இரண்டு செயலி வேண்டும். ஆதார் எண், ஓய்வூதிய ஆணை எண், வங்கிக் கணக்கு எண் பக்கத்தில் இருக்க வேண்டும். நவம்பர்தான் சீசன் என்று நினைத்திருந்தேன். இல்லை. மத்திய அரசுக்காரர்களுக்கு நவம்பர், 80 தாண்டியவர்களுக்கு அக்டோபரிலேயே தொடங்கிவிடும். மாநில அரசுக்காரர்களுக்கு அவரவர் ஓய்வுபெற்ற மாதம். மில்லில் வேலை பார்த்து பிஎஃப் ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும். ஒரு நாற்பது பக்க நோட்டில் மாதவாரியாகப் பெயர் எழுதி வைத்திருக்கிறேன். மாதத்துக்கு ஐந்தாறு பேராவது விழுகிறார்கள்.

தபால்காரர் வீட்டுக்கே வந்து செய்து தருவார் என்பதையும் சொல்லிவிடுவேன். நான் தொடங்கியபோது அதற்கு 70 ரூபாய் வாங்கினார்கள். என்னைவிட மலிவு. சொல்லாமல் மறைத்தால் அடுத்த வருடம் அவர்களுக்கே தெரிந்துவிடும், அப்புறம் அந்தத் தெருவில் நுழைய முடியாது.

ஹார்விபட்டியில் ஒரு பெரியவர். ஹார்வி மில் தொழிலாளர்களுக்காக உண்டான ஊர் அது, அவர் மில்லில் நூல் பிரிவில் இருந்தவர். கட்டைவிரலைக் காட்டினார். ரேகை தேய்ந்து, வழவழவென்று சோப்புக் கட்டி மாதிரி இருந்தது. மூன்று வருடமாகக் கைரேகைக் கருவி அவரைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்ததாம். முகத்தைக் காட்டலாம் என்று உட்கார வைத்தேன். கண்ணைச் சிமிட்டச் சொல்லும் செயலி. “கண்ணை மூடித் திறங்க ஐயா” என்றேன். அவர் சந்நிதியில் நிற்பது போல இறுக மூடிக்கொண்டு, திறக்கவே இல்லை. நேரம் முடிந்து செயலி மூடிக்கொண்டது. இரண்டாவது முறை கூடத்து இருட்டில் முகம் பதியவில்லை. வாசலுக்கு நாற்காலியைக் கொண்டுவந்தோம். “கும்பிடாதீங்க ஐயா, கண்ணுல தூசி விழுந்தா கொட்டுவீங்கள்ல, அப்படி.” வட்டம் பச்சையானது. எஸ்எம்எஸ் வந்ததும் அதை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். மொத்தம் ஐம்பது நிமிடம். அவருடைய ஓய்வூதியம் ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம். அவரிடம் 150 கேட்க வாய் வரவில்லை. சென்னையில் இருக்கும் மகனிடம் வாங்கிக்கொண்டேன்.

அப்படித்தான் அந்தப் பழைய கேள்விக்குப் பதில் கிடைத்தது. காசு தருவது பிள்ளைகள். சென்னை, பெங்களூரு, சிங்கப்பூரிலிருந்து மாதம் 500 அனுப்பிவிடுகிறார்கள், இரண்டு தடவை போய்ப் பார்க்க வேண்டும். ராத்திரி பதினோரு மணிக்கு வீடியோ காலில் “அம்மா, மேலே மூணு புள்ளி இருக்குல்ல, அதைத் தொடும்மா, அது இல்லம்மா” என்று கத்துவதற்கு 500 மலிவு என்று ஒருவர் என்னிடமே சொன்னார். இப்போது மாதம் இருபத்திரண்டாயிரம் வரை வருகிறது. பழைய சம்பளம் இருபத்தாறு.

சில விதிகள் பட்டுத் தெரிந்துகொண்டவை. போனில் பணம் அனுப்ப ரகசிய எண் போடும்போது நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன். மதுரை வீடுகளின் தினசரிக் காலண்டர்ப் பலனெல்லாம் எனக்கு மனப்பாடம். “நீதானத்தா, பார்த்தா என்ன?” என்பார்கள். என்னிடமே காட்டக் கூடாது என்று பழகினால்தான், போலீஸ் உடுப்பு மாட்டிக்கொண்டு வீடியோ காலில் மிரட்டுகிறவனிடமும் காட்ட மாட்டார்கள். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை என்பதையும், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி, பிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டு வருவேன்.

இன்னொரு விதி, போனை அவர்கள் கையிலிருந்து வாங்கக் கூடாது. இதுதான் கஷ்டம். தப்பான இடத்தை நோக்கி விரல் போகும்போது கை பரபரக்கும். நான் என் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொள்வேன்.

போன மாதத்திலிருந்து துணைக்கு ஓர் ஆள் தேடுகிறேன். அனுப்பானடி, வில்லாபுரம் பக்கமெல்லாம் என்னால் ஓட முடியவில்லை. படிப்பு, அனுபவம் எதையும் கேட்பதில்லை. வந்தவரை அம்மா பக்கத்தில் உட்கார வைத்து, அவள் போனில் மின்கட்டணம் கட்டச் சொல்லிக்கொடுங்கள் என்பேன். அம்மா வேண்டுமென்றே மெதுவாகச் செய்வாள், அவளுக்கு இதில் தனி ருசி. நான் அடுப்படியிலிருந்து, எத்தனையாவது நொடியில் போனைப் பிடுங்குகிறார்கள் என்று எண்ணுவேன். இதுவரை ஐந்து பேர் வந்தார்கள். ஐந்தாவதாக வந்த பையன் நாற்பது நொடி தாங்கினான். அவனை வருகிற புதன்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன்.