மாட்டுக் கொட்டகையை வீடாக்குவது: உப்பு, ஓடு, ஆள்கணக்கு

40 அடிக்கு 16 அடி. சேறு வைத்துக் கட்டிய ஒன்றரை அடி கனச் செங்கல் சுவர், மேலே மங்களூர் ஓடு. கொங்குப் பக்கத்துத் தோட்டங்களில் இன்னும் நிற்கும் மாட்டுக் கொட்டகையின் அளவு ஏறக்குறைய இதுதான். வீடாக்க நினைக்கிறவர்கள் முதலில் கூரைச் செலவைத்தான் கேட்பார்கள். ஆனால் பயப்பட வேண்டியது தரைக்கு.

பல வருஷம் மாடு நின்ற தரை கோமியத்தில் ஊறியிருக்கும். அது மண்ணில் மட்கி வெடியுப்பாகும். அந்தக் காலத்தில் வெடிமருந்துக்கான வெடியுப்பு காய்ச்ச இந்த மாதிரி மண்ணைத்தான் அள்ளினார்கள். அந்த உப்பு ஈரத்தோடு சுவரில் ஏறி, மழைக்காலத்தில் தண்ணீரை இழுத்து, வெயிலில் இறுகிப் பூச்சைத் தள்ளிவிடும். “சிமெண்ட் பூசுனா நின்னுக்குமுங்க” என்பார் கொத்தனார். நிற்காது. சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது; மூன்றடி உயரத்தில் நின்றிருந்த உப்பு பூச்சுக்கு மேலே போய்ப் பூக்கும்.

தரையை ஒன்றரை அடி எடுத்துவிட வேண்டும். அதற்கு முன் ஒரு மூலையில் குழி போட்டு அஸ்திவார ஆழம் பாருங்கள். இரண்டடிதான் இருக்கிறது என்றால் சுவரை ஒட்டி ஒரேயடியாகத் தோண்டக்கூடாது; நாலு நாலு அடியாகத் தோண்டி, நிரப்பிவிட்டு, அடுத்ததற்குப் போக வேண்டும். உள்ளளவு 37க்கு 13 என்றால் எடுக்கும் மண் சுமார் 7 யூனிட் (ஒரு யூனிட் என்பது 100 கன அடி). கிளறியதும் உப்பி, ஏற்றும்போது 9 யூனிட் ஆகிவிடும்; டிராக்டர் நடையை அந்தக் கணக்கில் பேசுங்கள். மண்ணைத் தென்னைக்குப் போடலாம், நல்ல உரம். கொத்தனார் அதையே அடுத்த அறைக்கு ரொப்பாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுவரில் கீழ் மூன்றடிக்குப் பழைய பூச்சைக் கொத்தி, இடுக்குச் சேற்றை முக்கால் அங்குலம் சுரண்டி, காய்ந்த பிரஷ்ஷால் தட்ட வேண்டும். தண்ணீர் அடித்துக் கழுவினால் உப்பு உள்ளேதான் போகும். பிறகு சுண்ணாம்பு 1, மணல் 3 கலந்து ஒரு பூச்சு. இது நிலைக்க அல்ல, உப்பை உறிஞ்ச. இரண்டு மூன்று மாதத்தில் வெள்ளை பூத்ததும் கொத்தி வெளியே கொட்டிவிட்டு, நிரந்தரப் பூச்சைப் போடலாம். இந்த வேலையைச் சதுர அடிக் கணக்கில் விட்டால் யாரும் இடுக்கைச் சுரண்ட மாட்டார்கள். சுவர் வேலைக்குத் தினக்கூலி, தரை டைல்ஸுக்கு மட்டும் சதுர அடி.

அந்த மூன்று மாதத்தில் கூரையை முடிக்கலாம். பொங்கல் கழித்துப் பிரித்தால் சித்திரைக் கோடை மழைக்குள் மூட நேரம் இருக்கும். இரண்டு பக்கமும் 30 டிகிரி சரிவு, சுற்றிலும் இரண்டடி தாழ்வாரம் என்றால் கூரை ஏறக்குறைய 10 சதுரம் (ஒரு சதுரம் என்பது 100 சதுர அடி). சதுரத்துக்கு 150 ஓடு வீதம் 1,500, முகட்டு ஓடு 40. உடைசலுக்குப் பத்து சதவீதம் கூட. பழைய ஓட்டைத் தட்டிப் பாருங்கள்: கிண்ணென்றால் வைத்துக்கொள்ளுங்கள், டொக்கென்றால் தள்ளுங்கள். படுக்க வைத்து அடுக்கினால் அடியோடு உடையும். நிறுத்தி அடுக்க வேண்டும்.

குறையும் ஓட்டுக்கு வேறு கம்பெனி ஓட்டை வாங்கி நடுவில் கலக்காதீர்கள், ஓடுகள் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும் காடி பொருந்தாது. ஒரு சரிவு முழுக்கப் பழையது, மறு சரிவு முழுக்கப் புதியது என்று பிரித்துவிடுங்கள். ஓடு உட்காரும் மரச் சட்டமான ரீப்பரின் இடைவெளி சுமார் பன்னிரண்டரை அங்குலம், ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கையில் இருக்கும் ஓட்டில் இரண்டைக் கோத்து இழுத்து அளந்த பிறகுதான் தச்சர் ஆணி அடிக்க வேண்டும். இடைவெளியில் அரை அங்குலம் பிசகினால், பன்னிரண்டு வரிசை ஏறுவதற்குள் அரை அடி வித்தியாசம் வந்து, முகட்டில் ஓடு எட்டாது. ரீப்பர் மொத்தம் 1,050 அடி பிடிக்கும்.

தச்சர் வருவதற்கு முன்பே கொத்தனார் சுவர் தலையில் நாலு அங்குலம் கான்கிரீட் போட்டு, தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் வைத்து மட்டம் எடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் கூரை கோணும்; கோணலுக்கு இவர் அவரைச் சொல்வார், அவர் இவரைச் சொல்வார். தச்சருக்கு மரம் இறங்கியதும் கால்வாசி, ரீப்பர் முடிந்ததும் பாதி, மீதி ஒரு மழை பார்த்த பிறகு.

மணல் லோடு வந்தால் கொட்டுவதற்கு முன் ஏறி அளந்துவிடுங்கள். உள்நீளம் 14, அகலம் 7, உயரம் ஐந்து இடத்தில் பார்த்துச் சராசரி 3 என்றால் 294 கன அடி. மூன்று யூனிட்டுக்கு ஆறு கன அடிதான் குறைவு, விட்டுவிடலாம். மணல் ஈரமாக இருந்தால் விடாதீர்கள். ஈர மணல் உப்பியிருக்கும், காய்ந்தால் அதே லோடு இரண்டரை யூனிட்டுக்கும் கீழே இறங்கலாம்.

எலக்ட்ரீஷியன் வருவது கூரைக்குப் பின், கடைசிப் பூச்சுக்கு முன். சேற்றுச் சுவரில் மெஷின் போட்டுக் காடி எடுத்தால் செங்கல் ஆடும். பைப்பைச் சுவர்மேலேயே கிளிப் போட்டு ஓட்டச் சொல்லுங்கள்.