செம்பனைச் சாம்பலும் கால் மில்லிமீட்டரும்

மலேசியாவில் குளுவாங் பக்கம் எண்ணெய் ஆலைகளில் செம்பனை நாரையும் கொட்டை ஓடுகளையும்தான் பாய்லரில் எரிக்கிறார்கள். மிஞ்சும் சாம்பல் மலையாகக் குவிகிறது. என் ஆய்வுக்காக அதைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தபோது பாய்லர் பார்க்கும் மாமா ஒருவர், "ஏம்மா, குழியில கொட்டுறத வாரிக்கிட்டுப் போய் என்ன பண்ணப் போற?" என்றார். "கான்கிரீட் வெடிக்காம தடுக்குமான்னு பார்க்கணும் மாமா" என்றேன். இன்னொரு சாக்கையும் அவரே நிரப்பித் தந்தார்.

சில வகைக் கல்லிலும் மணலிலும் உள்ள சிலிக்கா, சிமெண்டின் காரத்தில் கரைந்து பசையாகிவிடும். அந்தப் பசை ஈரத்தை உறிஞ்சி உப்பி, கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். கலிஃபோர்னியாவில் தாமஸ் ஸ்டான்டன் 1940-இல் இதை விளக்கினார். நம் ஊர் ஈரமும் வெக்கையும் இதற்கு நல்ல தீனி. சாம்பலில் உள்ள சிலிக்கா முந்திக்கொண்டு சுண்ணாம்போடு வினைபுரிந்து காரத்தையும் பிடித்து வைத்துக்கொண்டால், கல் தப்பிக்கும். ஸ்கூடாய் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் செம்பனைச் சாம்பலை வைத்து இதைச் சோதித்து 1997-இலேயே கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள்.

வேகச் சோதனையில் சாந்துக் கட்டைகளை 80 டிகிரி சூட்டில் காஸ்டிக் சோடாக் கரைசலில் 14 நாள் போட்டு வைப்போம். நீட்சி 0.10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 250 மில்லிமீட்டர் நீளத்துக்கு அது வெறும் கால் மில்லிமீட்டர்! கல்லுக்குப் பதில் நொறுக்கிய கண்ணாடி போட்ட என் கட்டைகளில், சாம்பலை நைசாக அரைத்துக் கலந்தவை நன்றாக அடங்கி நின்றன. அரைக்காத சாம்பல் அவ்வளவாக உதவவில்லை. கரி மிஞ்சிய கறுத்த சாம்பலைச் சலித்து ஒதுக்கவும் வேண்டும்.

ஆனால் இந்த 14 நாள் முடிவை மட்டும் நம்பிச் சாம்பலை விற்க இறங்கிவிடக் கூடாது. இதில் நான் உறுதியாக இருக்கிறேன். தோட்டத்தில் உரம் போட்டவர்களுக்குத் தெரியும், செம்பனை பொட்டாஷை எவ்வளவு இழுக்கும் என்று. அது சாம்பலிலும் தங்குகிறது, அதுவும் காரம்தான். கட்டையே காரக் கரைசலில் மூழ்கிக் கிடக்கும்போது சாம்பல் தன் பங்குக்குக் கூட்டும் காரம் கணக்கில் தெரியவே தெரியாது.

அதையும் பார்க்கக் கான்கிரீட் கட்டைகளை வார்த்து, 38 டிகிரியில் ஈரப்பதத்தோடு வைத்து 2 வருடம் அளக்க வேண்டும். அங்கே வரம்பு 0.04 விழுக்காடு. பொறுமை வேண்டும், சரி. பாலத்தின் ஆயுளோடு பார்த்தால் 2 வருடம் ஒன்றுமே இல்லை. என் கட்டைகளை வார்த்துப் பெட்டியில் வைத்தாயிற்று. அப்புறம் பக்கத்து ஆலைச் சாம்பலையும் எடுக்கப் போகிறேன். பாய்லர் சூடு மாறினால் சாம்பலின் குணமும் மாறும்.