படகுக்கு ஆறு குடம் நல்ல தண்ணீர்

பழவேற்காட்டில் எங்கள் 28 அடி ஃபைபர் படகு ஏரியில்தான் கட்டிக் கிடக்கும். மணலில் ஏற்றி வைக்கும் படகைவிட அதில் கொட்டலசு, அதாவது படகடியில் ஒட்டி வளரும் ஓடுள்ள சிறு கடலுயிர், கூடுதலாகப் பிடிக்கும்; இரவும் பகலும் உவர்நீரில் ஊறுகிறதே. போன சித்திரையில் அது கனத்துப்போய், முகத்துவாரம் தாண்டுவதற்குள் இன்ஜின் திணறியது. எரிபொருள் செலவும் ஏறிக்கொண்டே போனது.

கொட்டலசு ஒட்டாமல் இருக்க முந்தைய ஆண்டு கூலிக்கு ஆள் வைத்து அடியில் பெயிண்ட் பூசியிருந்தோம். மூன்றே மாதத்தில் அது தகடு தகடாக உரிந்தது. இந்த முறை நானும் மாமாவுமே செய்வது என்று முடிவெடுத்தோம். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவிப்பு வரும். அப்படி ஒரு நாளில் கரையில் எல்லோரும் இருந்ததால், படகை மேலே இழுத்துச் சாய்க்க ஆள் தேட வேண்டியிருக்கவில்லை.

கொட்டலசு குஞ்சாக இருக்கும்போது நீரில் திரியும். ஓரிடத்தில் தலையை ஒட்டிக்கொண்டால் சாகும்வரை அங்கேதான். ஈரம் காய்வதற்குள் சுரண்டிவிட வேண்டும், காய்ந்தால் கல்லாகிவிடும். ஓடு விழுந்த பிறகும் வெள்ளை வட்டம் ஒன்று மிஞ்சும். அதன்மேல் பூசினால் வட்டத்தோடு பெயிண்டும் கழன்றுவிடும். 80-ஆம் நம்பர் உப்புத்தாளை நனைத்து நனைத்து அவற்றைத் தேய்த்தோம். பழைய பூச்சில் தாமிரம் இருக்கிறது, உலரத் தேய்த்தால் அந்தத் தூள் மூச்சில் ஏறும். கீழே தார்ப்பாய் விரித்து, விழுந்ததை எல்லாம் அள்ளி மூட்டை கட்டினோம். இறாலும் நண்டும் பிடிக்கும் ஏரியில் அதைக் கொட்ட எனக்கு மனம் வராது. முன்பு கப்பல்களின் அடியில் பூசிவந்த ட்ரைபியூட்டைல் டின் கலந்த பூச்சு சிப்பியையும் கடல் நத்தையையும் கெடுத்ததால்தான், 2001-இல் போட்ட உலக உடன்படிக்கை 2008-இல் நடைமுறைக்கு வந்து அதைத் தடை செய்தது.

"போன வருடம் உப்பைக் கழுவாமல் பூசிவிட்டார்கள்" என்றார் மாமா. கழுவ நல்ல தண்ணீர் வேண்டும், எங்கள் தெருக் கிணற்றிலோ உவர்நீர். குடிநீர் லாரி வந்தபோது அம்மா பத்துக் குடம் பிடித்து வைத்திருந்தார். கேட்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "குடிக்கிற தண்ணீரையா படகுக்கு ஊற்றப் போகிறாய்?" பெயிண்ட் உரிந்த கதையை மாமா பொறுமையாகச் சொன்ன பிறகு, ஆறு குடத்தை அவரே எடுத்துக் கொடுத்தார். ஒரு சொட்டும் வீணாக்காமல் துணியை முக்கி முக்கித் துடைத்தோம். காய்ந்ததும் எங்காவது வெள்ளை பூத்தால் அங்கே உப்பு மிச்சம் என்று அர்த்தம். அங்கே மீண்டும் துடைத்தோம்.

அடியில் நான்கைந்து கொப்புளங்களும் இருந்தன. குத்தியதும் புளித்த வாடையோடு நீர் வடிந்தது. அவற்றை ஒரு வாரம் காயவிட்டு எபாக்ஸி பட்டி வைத்து அடைத்தோம்.

பூசுவது எளிது. பிரைமர் ஒரு முறை, அது இழுத்துக்கொண்டதும் தாமிரப் பெயிண்ட் இரண்டு முறை. தாமிரம் டப்பாவின் அடியில் தங்கிவிடும் என்பதால் மாமா கால் மணி நேரம் கட்டையால் கலக்கினார். தண்ணீர் அதிகம் உரசும் அணியம் என்கிற முன்பகுதியிலும் நீர்மட்டக் கோட்டிலும் மூன்றாவது பூச்சு. இன்ஜினின் நீருக்குள் இறங்கும் அலுமினியக் காலில் மட்டும் இந்தப் பெயிண்டைத் தொடவிடவில்லை; உப்புநீரில் தாமிரம் பட்ட அலுமினியம் அரித்துப்போகும். கட்டை முட்டுக்கொடுத்த இடங்களைக் கடைசியில், படகை ஓர் அடி நகர்த்திப் பூசினோம்.

ஐந்து மாதம் கழித்து மேலே இழுத்தபோது கையால் வழித்தாலே போகும் பாசிதான் இருந்தது. கடைசியாக அவசரத்தில் பூசிய ஒரு கட்டை இடத்தில் மட்டும் காசு காசாகக் கொட்டலசு. அம்மா வந்து அடியைத் தடவிப் பார்த்துவிட்டு, அடுத்த முறைக்கு எட்டுக் குடம் பிடித்து வைக்கிறேன் என்றார்.