பரணிலிருந்து இறங்கிய சின்னத் தட்டு

உடல் எடையைக் குறைக்க ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டு மூன்று வருடம் ஆகிறது. இரைப்பையில் ஏறக்குறைய 80 சதவீதத்தை வெட்டி எடுத்துவிடுவார்கள். முதல் வருடம் எனக்கு ஒரு இட்லிக்கு மேல் இறங்காது. 34 கிலோ குறைந்தேன். போன தீபாவளிக்குப் பிறகு அதில் 6 கிலோ திரும்பி வந்துவிட்டது.

சோற்றால் வரவில்லை. முறுக்கு, மிக்சர், டீயில் நனைத்த ரஸ்க். இரண்டு துண்டு கோழிக்கறி தின்றாலே நெஞ்சுக்குக் கீழே கல் வைத்த மாதிரி நிற்கும். மிக்சர் அப்படி நிற்காது, வழுக்கிக்கொண்டு போய்விடும். ஒரு சாயங்காலத்தில் பொட்டலமே காலியாகும், வயிறு நிறைந்ததே தெரியாது.

சரி என்று போன வாரம் பரணிலிருந்து, ஆபரேஷன் ஆன புதிதில் நான் சாப்பிட்ட அந்தப் பழைய சின்ன எவர்சில்வர் தட்டை இறக்கினேன். பார்த்ததும் அம்மா ஒன்றும் கேட்காமல் இரண்டு முட்டை அவித்து வைத்தாள்.

நாளுக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான். அதனால் எந்த வேளையும் முட்டை, மீன், சுண்டல் முதலில். சோறு கடைசியில், இரண்டு கரண்டி. சாப்பாட்டோடு தண்ணீர் கிடையாது, அரை மணி நேரம் கழித்துத்தான். எனக்கு மிகவும் கஷ்டம் இதுதான். ரசத்தைக் கையில் ஊற்றிக் குடிக்காமல் எழுந்திருக்க மனசே வராது.

நேற்று மதியம் ஒரு வஞ்சிரத் துண்டை இருபது நிமிடம் மென்று தின்றேன். ஆபரேஷன் ஆன புதிதில் வயிறு நிறைந்தால் ஒரு சின்ன விக்கல் வரும். ரொம்ப நாளாக அது வரவே இல்லை. நேற்று வந்தது. சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கை கழுவினேன்.